வீட்டுக்குள் அணில் குடிபுகுந்தால்: விலங்குக் காப்பகம் செய்வதும் நாம் செய்ய வேண்டியதும்

வீட்டுக் கடன் பெற்றுப் புதுமனை புகும் வாடிக்கையாளர்கள் சில மாதங்கள் கழித்து எங்கள் கிளைகளுக்கு வரும்போது, தவணையைப் பற்றிப் பேசி முடித்தபின் வீட்டைப் பற்றியும் பேசுவதுண்டு. தண்ணீர் வரத்து, லிப்ட், வாகன நிறுத்துமிடம் என்று நீளும் அப்பேச்சில் அணிலும் அவ்வப்போது இடம்பெறுகின்றது. குளிர்சாதனக் கருவியின் வெளிப்பெட்டிக்குள் கூடு கட்டிவிட்டது, இணையக் கம்பியைக் கடித்துவிட்டது, காயப்போட்ட வற்றலை ஒன்றுவிடாமல் கொறித்துவிட்டது என்பன வழக்கமான முறையீடுகள். அடுத்து வரும் வினா ஒன்றே: இதற்கு யாரை அழைப்பது?

நகராட்சியை அழைத்தால், நாய், மாடு, குரங்கு பற்றிய புகாரை ஏற்கும் அலுவலர் அணிலைப் பற்றிய புகாரை ஏற்பதில்லை. பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்தால், எலிக்குச் செய்வதையே அணிலுக்கும் செய்ய முன்வருவோர் உண்டு. விலங்குக் காப்பகத்தை அழைத்தால், “அணிலுக்கு அடிபட்டிருக்கிறதா?” என்று கேட்பார்கள். இல்லை என்றால், வண்டி அனுப்ப இயலாது என்பார்கள். மூன்று இடங்களிலும் உதவி கிட்டாத குடும்பத்தினர், துளையை ஒரே நாளில் சிமென்ட் இட்டு அடைத்துவிடுகின்றனர். உண்மையான துன்பம் பெரும்பாலும் அதன் பின்னரே தொடங்குகின்றது. ஆகவே, காப்பகங்கள் எதற்காக இருக்கின்றன, எதற்காக இல்லை என்பதையும், அவை தலையிடத் தேவையின்றி நாமே செய்து முடிக்கக்கூடியது எது என்பதையும் இங்கே தொகுத்துரைக்க விரும்புகின்றோம்.

மூன்று வரியும் ஐந்து வரியும்

பணி மாறுதலில் தமிழகத்திலிருந்து தில்லிக்கோ ஜெய்ப்பூருக்கோ செல்பவர்கள் அங்குள்ள அணிலைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாட்டைக் காண்பர். நம் தொல்காப்பியம் அணிலை மூன்று வரிகளை உடையதாகவே குறிப்பிடுகின்றது. அதன் இளமைப் பெயர் குட்டி என்றும் வகுக்கின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அணிலுக்கு முதுகில் மூன்று வெண்வரிகள். வட இந்தியாவில் பரவலாக வாழும் இனத்துக்கு ஐந்து. சேது அணை கட்டிய காலத்தில் இராமபிரான் விரல்களால் வருடியதால் வந்த வரிகள் என்னும் கதை இரு பகுதிகளிலும் வழங்குகின்றது.

இரண்டு இனங்களும் ஏறத்தாழ நூறு கிராம் எடையுள்ள சிற்றுயிர்கள். இரண்டும் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையேனும் கடித்துத் தேய்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு உண்டு. கம்பியின் மேலுறை அவற்றுக்கு உணவன்று. பல்லுக்கு வாகான பொருள், அவ்வளவே. பழைய மரங்கள் குறைந்து வரும் நகரத்தில், மரப்பொந்தை ஒத்த இருண்ட, உலர்ந்த, உயரமான இடங்களை அவை தேடுகின்றன. குளிர்சாதனக் கருவியின் வெளிப்பெட்டி, காற்றுப்போக்கி விசிறியின் துளை, பொய்க்கூரையின் இடைவெளி, மின்னளவிப் பெட்டி ஆகியன அத்தகைய இடங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, வந்திருப்பது அணில்தானா என்று உறுதிசெய்வது. அணில் பகலில் நடமாடும், இருட்டியபின் அடங்கிவிடும். இரவில் கூரைக்குள் ஓட்டமும் கீறலும் கேட்டால் அது பெரும்பாலும் எலியாக இருக்கும். அதற்குரிய வழிமுறை வேறு. பகலில் ஒலி கேட்டு, பஞ்சும் நூலும் தேங்காய் நாரும் துளையோரம் தென்பட்டால், அணில் கூடு கட்டுகின்றது என்று கொள்ளலாம்.

சட்டம் எங்கே நிற்கின்றது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபின் நெடுங்காலம், காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியன தீங்குயிர்களுக்கான ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. அணில் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மாறாக, ஐவரி அணில் பாதுகாப்புக்குரிய நான்காம் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்து, தீங்குயிர் அட்டவணையையே நீக்கிவிட்டது. ஆகவே, அணிலை எலியைப் போலக் கருதிப் பிடிப்பதற்கும் கொல்வதற்கும் முன்வரும் நிறுவனத்திடம், எந்த அனுமதியின் பேரில் செய்கின்றீர்கள் என்று கேட்பது வாடிக்கையாளரின் கடமையாகும். பிடித்து வேறிடத்தில் விடுவதாயினும் வனத்துறையைக் கலந்துகொண்டே செய்தல் வேண்டும்.

இதனுடன் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அச்சட்டத்துக்கு வித்திட்டது. அச்சட்டத்தின் கீழ் 1962இல் இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார். தேவையற்ற துன்பம் விளைவித்தலும் தீங்கு தரும் பொருளை ஊட்டுதலும் அச்சட்டப்படி குற்றமாகும். கடைகளில் கிடைக்கும் ஒட்டுப்பசைப் பொறிகளைப் பல மாநில அரசுகள் தடைசெய்துள்ளன. எலிக்கென்று வைக்கும் பசைப் பலகையில் அணிலும் சிட்டுக்குருவியும் ஓணானும் சிக்கி, தோலுரிந்து, பட்டினியால் மெல்ல மடிவதே அத்தடைக்குக் காரணம்.

காப்பகம் என்னும் நிறுவனம்

இந்நாட்டில் விலங்குக் காப்பகம் என்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதுவழக்கம் அன்று. குஜராத்தின் வணிக நகரங்களில் ‘பாஞ்சராபோள்’ எனப்படும் காப்பகங்கள் பல தலைமுறைகளாக நடந்து வருகின்றன. மும்பையில் 1832ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துக் கலகம் மூண்டது. இரண்டாண்டுகள் கழித்து, 1834இல், சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகப் பெருமக்கள் புலேஷ்வர் பகுதியில் ஒரு பாஞ்சராபோளை நிறுவினர். வணிகர்கள் தங்கள் சரக்குகளின் மீது தாங்களே விதித்துக்கொண்ட சிறு மகமை அதன் செலவுக்குப் பயன்பட்டது. வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்த எங்களுக்கு, இக்காப்பகத்தின் கதையில் மிகவும் ஈர்ப்பது அந்த வருவாய் ஏற்பாடே. ஒருமுறை தரும் பெருந்தொகையை நம்பாமல், ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு துளியைச் சேர்த்தமையால் அது நிலைத்தது.

இன்று காப்பகங்கள் பலவகைப்பட்டன. பசு முதலிய கால்நடைகளைப் பேணும் கோசாலைகளும் பாஞ்சராபோள்களும் ஒருவகை. தெருநாய், பூனை ஆகியவற்றுக்குச் சிகிச்சையும், கருத்தடை அறுவையும், வெறிநோய்த் தடுப்பூசியும் வழங்குபவை மற்றொரு வகை. தில்லியில் டிபன்ஸ் காலனி மேம்பாலத்தடியில் இயங்கும் ‘பிரண்டிகோஸ்’ இவ்வகையினது. பறவைகளுக்கென்றே அமைந்த மருத்துவமனையும் உண்டு. செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைனர் கோயில் வளாகத்தில் அமைந்த பறவை மருத்துவமனையைப் பலரும் அறிவர். மும்பை பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெத்தித் விலங்கு மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இயங்கி வருகின்றது. ‘வைல்ட்லைப் எஸ்.ஓ.எஸ்.’ போன்ற அமைப்புகள் நகருக்குள் வழிதவறும் பாம்பு, குரங்கு, உடும்பு முதலிய வனவுயிர்களை மீட்கின்றன. விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைதல் வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

அணிலைப் பொறுத்தவரை இக்காப்பகங்களின் பணி தெளிவானது. காயமுற்ற அணிலையும் தாயை இழந்த குட்டியையும் அவற்றுக்கு இடமும் வசதியும் உள்ள காப்பகங்கள் ஏற்கும். நலமாக உள்ள அணிலை வீட்டிலிருந்து அகற்றும் சேவையை அவற்றிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. அதற்குக் காரணம் உண்டு. ஓர் அணிலைக் கொண்டுபோய் வேற்றிடத்தில் விட்டால், துளை திறந்திருக்கும் வரை வேறோர் அணில் அங்கே குடியேறும். கொண்டுபோன அணிலோ, உணவிடமும் ஒளிவிடமும் அறியாத புதிய சூழலில், ஏற்கெனவே அங்கு வாழும் அணில்களிடையே தவிக்கும். அந்த நேரத்தில் அதே வண்டி, சாலையில் அடிபட்ட நாய்க்கோ, மாஞ்சா நூலில் சிறகறுந்த பறவைக்கோ போயிருக்க வேண்டியதாக இருக்கலாம். மகர சங்கராந்தியையொட்டிக் குஜராத்தில் பட்டம் விடும் நாட்களில், அரசும் தன்னார்வலர்களும் சேர்ந்து பறவை மீட்பு இயக்கமே நடத்த வேண்டியிருக்கின்றது.

துளையை அடைப்பதற்குரிய வரிசை

அணில் தொல்லை என்பது, கூர்ந்து நோக்கின், விலங்கைப் பற்றிய சிக்கலன்று, கட்டடத்தைப் பற்றியது. ஒரு துளை, அத்துளைக்குச் செல்லும் ஒரு கிளை அல்லது கம்பி, அருகில் கிடைக்கும் உணவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அத்தொல்லை. மூன்றையும் சரிசெய்யலாம். ஆனால் வரிசை தவறக் கூடாது.

வரிசையின் இன்றியமையாமையை எங்கள் வட இந்தியக் கிளை ஒன்றில் நேர்ந்ததைக் கொண்டு விளக்கலாம். அங்கே ஏ.டி.எம். அறையின் குளிர்சாதனக் கருவி அடிக்கடி நின்றுபோயிற்று. கோடைக்காலம், அறை சூடேறினால் இயந்திரமும் நின்றுவிடும். சோதித்த மின்பணியாளர் வெளிப்பெட்டிக்குச் செல்லும் கம்பி கடிபட்டிருப்பதைக் கண்டார். பெட்டியின் பின்புறச் சுவர்த்துளையில் அணில் நுழைவதைக் கண்டு, அன்று மாலையே அதனைச் சிமென்ட் பூசி மூடிவிடலாம் என்றார். ஊதியநாள் நெருங்கிய வேளை. கிளையில் எவரும் மறுக்கவில்லை. ஆனால் துப்புரவுப் பணி செய்யும் அம்மையார், “காலையில் அது வாயில் பஞ்சு கவ்விப் போனதைப் பார்த்தேன், உள்ளே குட்டி இருக்கும்” என்று தடுத்தார். ஏணியில் ஏறி விளக்கொளியில் நோக்கியபோது, நார்ப்பந்துக்குள் கண் திறவாத மூன்று குட்டிகள் இருந்தன.

மாலையில் அடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? தாய் உள்ளே இருந்திருந்தால், வெளியேறும் வழி தேடி இருக்கும் கம்பிகளையெல்லாம் கடித்திருக்கும். வெளியே இருந்திருந்தால், குட்டிகள் சில நாட்களில் மடிந்து, அறை முழுதும் நாற்றமும் ஈயும் சூழ்ந்திருக்கும். இரண்டிலும் ஏ.டி.எம். மீண்டும் நின்றிருக்கும். ஆகவே, அன்றே கம்பியை மட்டும் மாற்றி, இரும்புக் குழாயினுள் செலுத்தி, கூட்டுக்கு எட்டாத வழியில் கொண்டுசென்றனர். கூடு அப்படியே விடப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மாதம் கழித்து, குட்டிகள் வெளியேறியதை உறுதிசெய்தபின், துளை வலையிட்டு மூடப்பட்டது. கூடுதலாகச் செலவானது ஒரு குழாய்க்கான விலை மட்டுமே.

இதிலிருந்து பெறப்படும் வரிசை இது:

முதலாவது, உற்றுநோக்குதல். இரண்டு மூன்று நாட்கள், பகற்பொழுதில், எந்த வழியாக வருகின்றது, வாயில் நாரோ பஞ்சோ கொண்டுசெல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, காத்திருத்தல். குட்டிகள் இருப்பின் துளையைத் தொடலாகாது. ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் பிறக்கும்; அவை பால்குடி மறக்கச் சுமார் பத்து வாரங்கள் ஆகலாம். அதுவரை, ஆபத்தான கம்பியை மட்டும் அப்புறப்படுத்தி அல்லது குழாயிட்டுக் காத்தல் போதும்.

மூன்றாவது, வெறுமையை உறுதிசெய்தல். துளையில் செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி வைக்கலாம். இரண்டு மூன்று பகல்கள் அது கலையாதிருப்பின் உள்ளே எவரும் இல்லை என்று பொருள். கலைந்திருந்தால் இன்னும் காத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, அடைத்தல். நுரைப்பொருளும் பிளாஸ்டிக்கும் அணிலின் பல்லுக்கு நில்லா. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வலையே தக்கது. அதன் கண் அரை அங்குலத்துக்கு மிகாதிருத்தல் நன்று. காற்றுப்போக்கித் துளைகளுக்கும் வலையிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் காற்றோட்டத்தைத் தடுக்காத வகையில் அந்நிறுவனப் பணியாளரைக் கொண்டே செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, அழைப்பை நிறுத்துதல். சுவரைத் தொடும் கிளைகளை நறுக்குதல், மாடத்தில் புறாக்களுக்குச் சிந்தும் தானியத்தை அகற்றுதல், குப்பைத்தொட்டியை மூடிவைத்தல் ஆகியன இதில் அடங்கும். பறவைகளுக்கு உணவிட விரும்புவோர் கட்டடத்தை விட்டு விலகி, ஓரிடத்தில் இடலாம். குஜராத்தின் ஊர்தோறும் நடுத்தெருவில் தூணின் மேல் உயர்ந்து நிற்கும் ‘சபூத்ரோ’ என்னும் பறவைக்கூண்டு அவ்வகையில் அமைந்ததே.

குட்டி கீழே விழுந்தால்

காப்பகத்தை அழைக்க வேண்டிய வேளை இதுவாக இருக்கலாம். ஆயினும் உடனே அன்று. கீழே விழுந்த குட்டி காயமின்றி இருந்தால், தாயிடம் சேர்ப்பதே முதற்கடமை. மனித வாடை பட்டால் தாய் ஏற்காது என்பது பிழையான நம்பிக்கை. மெல்லிய துணி விரித்த சிறு அட்டைப்பெட்டியில் குட்டியை வைத்து, கூட்டுக்கு அருகில், வெயிலும் பூனையும் எட்டாத உயரத்தில், மேல்புறம் திறந்தவாறு வைத்தல் வேண்டும். குட்டி குளிர்ந்திருந்தால், துணி சுற்றிய வெந்நீர்ப்புட்டி ஒன்றை அருகில் வைக்கலாம். பகல்வேளையில் தாய் பலமுறை வந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுசெல்லும். நாம் விலகி நின்றால்தான் அது வரும்.

மாலை வரையில் தாய் வராவிடினும், குருதி கசிந்தாலும், பூனை கவ்வியிருந்தாலும் காப்பகத்தை அழைத்தல் வேண்டும். பூனையின் பல் பட்ட காயம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பினும், நஞ்சேறி விரைவில் உயிரைக் கொள்ளும். வண்டி வரும் வரையில் பசும்பால் புகட்டக் கூடாது. குளிர்ந்திருக்கும் குட்டிக்கு எதையும் ஊட்டவே கூடாது. வெதுவெதுப்பும், இருளும், அமைதியுமே அப்போதைய மருந்து. அழைக்கும்போது, இடம், விலங்கு, காயத்தின் தன்மை, எப்போது கண்டது என்னும் நான்கையும் சொல்லி, ஒரு நிழற்படமும் அனுப்பினால், வண்டி தேவையா என்று அவர்கள் விரைந்து முடிவுசெய்வர். இயன்றால் பெட்டியை நாமே கொண்டுசேர்ப்பது மேலும் நன்று.

அரசின் 1962 என்னும் கட்டணமில்லா எண், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கு உரியது. பெரும்பாலும் உழவர்களின் மாடு, ஆடுகளுக்கானது. ஊருக்கு ஊர் சேவை வேறுபடுவதால், அணிலையும் பறவையையும் ஏற்கும் காப்பகம் எது என்பதை முன்னரே விசாரித்துக் குறித்துக்கொள்ளல் நன்று.

அணில் நம்மைக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஊசி தேவையா என்பதை அவரே முடிவுசெய்வார்.

கடிபட்ட கம்பியும் காப்பீடும்

வீட்டுக் காப்பீடு எடுத்துள்ள வாடிக்கையாளர்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவடிவப் பாலிசி, தீயினால் வீட்டுக்கு நேரும் இழப்பை ஏற்கின்றது. ஆயினும், மின்கருவி ஒன்று குறுக்குச்சுற்றினால் தானே பழுதானால், அக்கருவியின் இழப்பு விலக்குப் பட்டியலில் அடங்கும். அதிலிருந்து தீ பரவிப் பிற பொருள்கள் எரிந்தால் அவற்றின் இழப்பு வேறு. ஆகவே, கடிபட்ட கம்பியை நாடா சுற்றி ஒப்பேற்றாமல் முழுவதும் மாற்றுவதும், மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவதும், பின்னர்க் கோரும் எந்த இழப்பீட்டையும் விடப் பயன் தருவன. பாலிசியின் விலக்குப் பகுதியை ஒருமுறை முழுமையாக வாசித்துவிடுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

காப்பகத்துக்கு நாம் தருவது

அடிபட்ட ஒரு குட்டியை வாங்கிக்கொள்ளும் காப்பகம், அதன்பின் வாரக்கணக்கில் சில மணிக்கொருமுறை அதற்குப் பாலூட்ட ஓர் ஆளை வைத்தாக வேண்டும். இச்செலவுக்கு ஈடாக யாரும் கட்டணம் தருவதில்லை. பண்டிகைக் காலத்தில் வரும் பெருநன்கொடையைக் காட்டிலும், மாதந்தோறும் தவறாது வரும் சிறுதொகையே ஊதியத்துக்கும் மருந்துக்கும் துணைநிற்கும். புலேஷ்வர் வணிகர்கள் மகமை விதித்ததும் இதனால்தான். வங்கிக் கணக்கில் நிலையான அறிவுறுத்தல் ஒன்றைப் பதிந்துவிட்டால், நூறு ரூபாயானாலும் மாதந்தோறும் தானே சென்று சேரும்.

நன்கொடை அளிப்பதற்குமுன் அறக்கட்டளையின் பதிவையும் வருமான வரி ஒப்புதலையும் சரிபார்த்தல் வேண்டும். 80ஜி என்று பரவலாக அறியப்படும் சலுகையின்படி, ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைகளுக்கு அளிக்கும் தொகையில் பொதுவாகப் பாதிக்கு, உரிய வரம்புக்குட்பட்டு, வரிக்கழிவு கிடைக்கும். ஆனால் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அச்சலுகை கிட்டாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தோருக்கும் அது இல்லை. தனிநபரின் கணக்கெண்ணையோ, குறுஞ்செய்தியில் வரும் இணைப்பையோ நம்பிப் பணம் அனுப்பாமல், அறக்கட்டளையின் பெயரிலேயே உள்ள கணக்குக்கு அனுப்பி, நன்கொடைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பணம் தர இயலாதோர் பழைய துணி, செய்தித்தாள், அட்டைப்பெட்டி ஆகியவற்றைத் தரலாம். காப்பகங்களில் அவை நாள்தோறும் செலவாகும் பொருள்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுதிக்கொள்ளலாம்: கட்டடத்தின் திறந்த துளைகளைக் கணக்கெடுத்து, கூடு இல்லாதவற்றை இப்போதே வலையிட்டு மூடுவது, பூச்சி ஒழிப்பு ஒப்பந்தத்தில் பசைப்பொறியும் அணில் பிடித்தலும் கூடாது என்று சேர்ப்பது, அருகிலுள்ள காப்பகத்தின் பெயரையும் எண்ணையும் அது ஏற்கும் விலங்குகளின் விவரத்தோடு அறிவிப்புப் பலகையில் இடுவது. காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அவ்விவரத்தைச் சொல்லிவைத்தல் மிகவும் தேவை. மரத்தடியில் விழுந்து கிடக்கும் குட்டியை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.